ஆல்டோ மட்டும் தெரிந்தவள்

நான் நாகர்கோவில்காரி. ஊர்ச் சபைக் கொயரில் சின்ன வயதிலிருந்தே ஆல்டோ, அதாவது மெட்டுக்குக் கீழே ஓடும் துணைக்குரல். போன கிறிஸ்துமஸுக்கு ஓசூர் கம்பெனியில் லீவு கிடைக்கவில்லை. முந்தின நாள் ஹாஸ்டலில் துணி துவைத்துக்கொண்டே பண்டிகைப் பாட்டைப் பாடினேன். ஓசூர் பக்கத்துப் பேரிகை ஊரிலிருந்து வந்த ரூம்மேட் சிரித்தாள்.

"என்னக்கா பாட்டு இது, ஒரே எடத்துலயே நிக்குது?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. மெட்டைப் பாடிக் காட்டலாமென்று வாயைத் திறந்தேன். வரவில்லை. இத்தனை வருஷமும் மெட்டைப் பாடியது பக்கத்தில் நின்றவர்கள்தான்.

மறுநாள் காலையில் ஜூஜுவாடி பக்கம் ஒரு கன்னட ஆராதனைக்குப் போனேன். கீபோர்டில் அதே மெட்டு. சபையே எழுந்து கன்னடத்தில் பாட, நான் என்னையறியாமல் தமிழில் ஆல்டோ பிடித்தேன். முன்வரிசை அம்மா ஒருவர் திரும்பிப் பார்த்தார். தப்போ என்று பயந்து நிறுத்திவிட்டேன்.

"யாக்கே நிறுத்திட்டே? பாடும்மா, நல்லா சேருது" என்றார்.

பாடினேன்.

சாயங்காலம் ரூம்மேட் ஷிப்டுக்குப் போயிருந்தாள். அறையில் உட்கார்ந்து மறுபடி என் வரியைப் பாடினேன். அது இன்னும் ஒரே இடத்தில்தான் நின்றது. மேலே மெட்டைப் பாடுகிறவர்களுக்கு இடம் விட்டு, கொஞ்சம் மெதுவாகப் பாடினேன்.