நாலாவது குழாய்

அவருக்கு ஊர் வைத்த பெயர் 'ஹலோ'. மைக் செட் வாடகைக்கு விடுகிறவர். மேடையில் மைக்கைப் பூட்டியதும் உதட்டருகே வைத்து 'ஹலோ, ஹலோ' என்று சோதித்துச் சோதித்தே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. வேடிக்கை என்னவென்றால், ஊரின் காதைக் கிழிக்கும் இந்த மனிதர் நேரில் பேசினால் நாம்தான் காதைக் கொண்டுபோய் அவர் வாயருகே வைக்க வேண்டும். சம்பந்தம் பேசப் போன இடத்தில் மாப்பிள்ளைக்குப் பேச்சு வராதோ என்று பெண் வீட்டார் பயந்துவிட்டார்களாம்.

மாடிப்படிக்குக் கீழே ஓர் அறைதான் கடை. சுவரெல்லாம் வயர் சுருள்கள். மூலையில் ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி வைத்த ஒலிபெருக்கிக் குழாய்கள். ஆம்ப்ளிஃபையரைப் பழைய போர்வையில் சுற்றி மேசைமேல் படுக்க வைத்திருப்பார். "பெத்த பிள்ளைக்குக்கூட இப்படிப் போத்திவிட்டதில்ல" என்று மனைவி குத்திக்காட்டுவாள். தொழிலில் அவருக்குத் துணை அவளுடைய தம்பி. கழியில் ஏறிக் குழாய் கட்டுவதில் கெட்டிக்காரன். வாயைத் திறந்தால் கேலிதான். மாமனையும் விட்டுவைக்க மாட்டான்.

யார் கேட்டாலும் மைக் உண்டு என்பது ஹலோவின் கொள்கை. கல்யாணம், கட்சிக் கூட்டம், கடைத் திறப்பு, காணாமல் போன குழந்தை, எதுவானாலும் சரி. கடவுள் உண்டு என்பவருக்கும் இல்லை என்பவருக்கும் ஒரே வாடகை. இவனுக்கு ஏன் கொடுத்தாய், அவனுக்கு ஏன் கொடுத்தாய் என்று யாராவது சண்டைக்கு வந்தால், "பேசுறது அவங்க. நான் வெறும் வயருங்க" என்பார். அந்தப் பதிலில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. வம்பில்லாத பதில் என்று பல வருஷம் நம்பிக்கொண்டிருந்தார்.

அந்தப் பேச்சாளர் வந்த நாளன்றுதான் வம்பு வந்தது. தான் பிறந்த மதத்தை விட்டு வெளியே வந்து, அதையே ஊர் ஊராகக் கிழி கிழி என்று கிழிப்பவர் அவர். கூட்டத்துக்கு முறைப்படி அனுமதி வாங்கியிருந்தார்கள். மைதானத்தில் நாற்காலி போட்டாயிற்று. நான்கு குழாய்களையும் கூட்டத்தைப் பார்த்துக் கட்டியாயிற்று. ஃப்யூஸ் ஒன்று எரிந்துபோனதால் புதுசு வாங்க மச்சினன் கடைத்தெருவுக்குப் போயிருந்தான். அப்போது கூட்ட ஏற்பாட்டாளர் ஹலோவின் தோளில் கை போட்டார்.

"அண்ணே, இருக்கிற கூட்டத்துக்கு நாலு குழாய் எதுக்கு? ஒண்ணை அந்தப் பக்கம் திருப்பி விடுங்க. அவங்களும் கொஞ்சம் கேக்கட்டும்."

'அந்தப் பக்கம்' என்றது மைதானத்துக்குப் பின்னால் இருந்த தெரு. பேச்சாளர் விட்டுவந்த மதத்தாரின் பிரார்த்தனைக் கூடம் அங்கேதான் இருந்தது. சாயங்காலப் பிரார்த்தனைக்கு ஆட்கள் போய்க்கொண்டிருந்ததை ஹலோவும் பார்த்தார்.

"அங்க பிரார்த்தனை நேரமாச்சே" என்றார். வழக்கம்போல அது அவர் சட்டைப் பொத்தானுக்குத்தான் கேட்டிருக்கும்.

"வாடகை நாங்கதானே குடுக்கிறோம்?"

ஹலோ கழியடிக்குப் போனார். ஏணியைச் சாத்தி, தாமே ஏறி, திருகைத் தளர்த்தி, நாலாவது குழாயை அந்தத் தெருவுக்குத் திருப்பி இறுக்கினார்.

பேச்சாளர் கெட்டிக்காரர், அதை மறுப்பதற்கில்லை. காசு பிடுங்கும் பூசாரிகளைப் பற்றிச் சொன்னதில் உண்மையும் இருந்தது. கூட்டம் சிரிக்கச் சிரிக்க அவருக்கு ஊக்கம் ஏறியது. பூசாரிகளை விட்டுக் கடவுளுக்குப் போனார். கடவுளை விட்டு அந்த மதத்தைத் தொடங்கியவரின் பெண்டாட்டி பிள்ளைகளுக்குப் போனார். மைதானத்தில் இருந்தவர்கள் கேட்க வந்தவர்கள். பிடிக்காவிட்டால் எழுந்து போகலாம். பின்தெருவில் இருந்தவர்கள் தங்கள் வீட்டில் இருந்தவர்கள். அவர்கள் எழுந்து எங்கே போவார்கள்?

ஆனால் சிலர் எழுந்தார்கள். மைதானத்துக்கே வந்தார்கள். வந்தவர்களில் பலர் கத்திவிட்டுப் போகத்தான் வந்தார்கள். ஆனால் மூன்று பேர் கையில் இரும்புத் தடி இருந்தது. தங்கள் மதத்தைத் தொடங்கியவரின் மானத்தைக் காக்க அவர்களுக்கு அதுதான் கிடைத்தது போலும். பேச்சாளரை ஏற்பாட்டாளர்கள் பின்வழியாகக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். மேடையில் அடிவாங்க ஆள் இல்லை. தடி ஆம்ப்ளிஃபையரைத் தேடி வந்தது. மச்சினன் குறுக்கே நின்றான். இடது கண் போயிற்று.

மறுநாள் பேச்சாளர், தம் நாவை யாராலும் அடக்க முடியாது என்று அறிக்கை விட்டார். பிரார்த்தனைக் கூடத்துப் பெரியவர், எங்கள் மனம் புண்பட்டது என்று அறிக்கை விட்டார். மருத்துவமனைக்கு இரண்டு பேரும் வரவில்லை. எனக்கு இருவர் மேலும் ஒரே அளவு எரிச்சல்தான்.

கட்டுப் போட்ட தம்பியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவியை வராந்தாவுக்குக் கூப்பிட்டு, குழாயைத் திருப்பிய விஷயத்தை ஹலோ சொல்லிவிட்டார். அவள் வார்டுக் கதவை ஒருக்களித்துச் சாத்தினாள். பிறகு, "அவன்கிட்ட சொல்லிடாதீங்க. யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்றாள்.

வழக்கு ஒரு வருஷம் கழித்து வந்தது. தடி எடுத்த மூன்று பேரின் வக்கீல் ஒரே பிடியாக நின்றார்: வேண்டுமென்றே பிரார்த்தனைக் கூடத்தைப் பார்த்துக் குழாய் வைத்துத் தூண்டிவிட்டார்கள், தூண்டியவனை விட்டுவிட்டுத் துடித்தவனைப் பிடிக்கிறீர்கள். நான்கும் மைதானத்தைத்தான் பார்த்திருந்தன என்று ஏற்பாட்டாளர்கள் கூசாமல் சாதித்தார்கள். மச்சினனைக் கேட்டபோது, கவனிக்கவில்லை என்றான். மிச்சம் இருந்த சாட்சி ஹலோ.

சாட்சி சொல்ல வேண்டிய நாள் காலையில் மனைவி அவர் சட்டையை இஸ்திரி போட்டபடி சொன்னாள்:

"மைதானத்தைப் பாத்துதான் இருந்துச்சுன்னு சொல்லுங்க. பொய்யா அது? மூணு அப்படித்தானே இருந்துச்சு?"

"நாலு கட்டினோமே."

"ஆமா, பெரிய அரிச்சந்திரன். நீங்க உண்மை பேசினா அந்தப் பாவிங்களுக்குத் தண்டனை குறையும். என் தம்பிக்குப் போன கண்ணு திரும்புமா?"

அவர் சட்டையை வாங்கி மாட்டிக்கொண்டார். பயம் அவருக்குச் சிறையைப் பற்றி இல்லை. இந்த வீட்டில் இனி எந்த முகத்தோடு சாப்பிட உட்காருவது என்பதுதான். அவள் சொல்வதிலும் நியாயம் இருந்தது. அதுதான் அவரைக் கொன்றது.

நீதிமன்றத்தில் அக்காவும் தம்பியும் பின் வரிசையில் இருந்தார்கள். ஹலோ கூண்டில் ஏறிப் பேச ஆரம்பித்ததும் நீதிபதி, "சத்தமா சொல்லுங்க" என்றார். ஊரே சிரித்தது. மச்சினனும் சிரித்தான்.

"நாலாவது குழாய் எந்தப் பக்கம் பாத்துச்சு?" என்று மூவரின் வக்கீல் கேட்டார்.

"பின்தெருவைங்க."

"யார் திருப்பினது?"

"திருப்பச் சொன்னாங்க. திருப்பினது நான்."

பின் வரிசையைப் பார்க்க அவருக்குத் துணிச்சல் வரவில்லை. வக்கீலின் முகம் மலர்ந்துவிட்டது.

"அங்கே பிரார்த்தனை நடக்கிறது தெரியும்?"

"தெரியுங்க."

"அப்ப இவங்களுக்குக் கோபம் வந்ததுல என்ன தப்பு?"

"தப்பே இல்லைங்க. எனக்கும் வந்திருக்கும்."

"கேட்டுக்கங்க ஐயா" என்று வக்கீல் நீதிபதியிடம் திரும்பினார். ஹலோ இன்னும் இறங்கவில்லை.

"ஒண்ணு சொல்லிக்கிறேங்க. கோபம் என் குழாய்லேருந்து வந்துச்சு. தடி குழாய்லேருந்து வரலை. அது அவங்க வீட்டுலேருந்து எடுத்துட்டு வந்தது."

"அந்தப் பேச்சாளர்?" என்று நீதிபதி கேட்டார்.

ஹலோ நீதிபதி பக்கம் திரும்பினார். "அவர் பேசட்டுங்க. கேக்க வந்தவங்க முன்னாடி என்ன வேணும்னாலும் பேசட்டும். வீட்டுக்குள்ள கொண்டுபோய்க் கொட்டினது நான். அதுக்கு என்ன உண்டோ அதை எனக்குக் குடுங்க. அவங்களுக்கு உள்ளதை என் கணக்குல எழுதாதீங்க."

அவர் வாழ்நாளில் பேசிய நீளமான பேச்சு அது. மைக் இல்லாமல் பேசினார்.

வீடு வரைக்கும் ஹலோவும் அக்காவும் தம்பியும் ஒரே ஆட்டோவில் வந்தார்கள். மனைவி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஹலோ கடை அறைக்குப் போய், அவிழ்ந்துகூட இல்லாத வயரை எடுத்துச் சுற்றத் தொடங்கினார். மச்சினன் பின்னாலேயே வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"உனக்குத் தெரியக் கூடாதுன்னு உங்க அக்கா சொல்லிச்சு மாப்ள" என்றார் ஹலோ. "எனக்கும் அது வசதியாத்தான் இருந்துச்சு."

"எனக்கு அன்னைக்கே தெரியும் மாமா."

அவர் கை நின்றது.

"ஃப்யூஸ் வாங்கிட்டு வரும்போதே பாத்தேன். ஏன் திருப்பினீங்கன்னு கேக்கலாம்னு நினைச்சேன். அதுக்குள்ள கூட்டம் ஆரம்பிச்சிடுச்சு."

"ஒரு வருஷமாவா சும்மா இருந்தே? கோர்ட்டுலயும் கவனிக்கலைன்னியே?"

மச்சினன் ஒற்றைக் கண்ணால் அவரைப் பார்த்தான். கேலி எதுவும் அதில் இல்லை.

"தடி எடுத்தவனை என்னிக்கும் மன்னிக்க மாட்டேன். உங்களை என்ன செய்யறதுன்னுதான் தெரியலை. நீங்களா சொல்றீங்களான்னு பாத்துட்டிருந்தேன் மாமா."