அரங்கநாதன் சார் மீது ஒரு புகார் மனு

அப்பாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, கூடத்து மின்விசிறிக்குக் கப்பாசிட்டர் மாற்றியது. விசிறி சோம்பலாகச் சுற்றிக்கொண்டிருந்தது. நான் மின்பொறியாளர். பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ஸ்டூலில் ஏறினேன். அப்பா கீழே டார்ச் பிடித்துக்கொண்டு நின்றார். வெளிச்சத்தை விசிறியின் மேல் காட்டவில்லை. என் முகத்தில் காட்டினார்.

"கப்பாசிட்டர்தான்னு எப்டி முடிவு பண்ண?"

"அனுபவம்ப்பா."

"அது பதில் இல்ல. வேற இன்னா காரணம் இருக்கலாம்? ரெண்டு சொல்லு."

"பேரிங் போயிருக்கலாம். வோல்டேஜ் கம்மியா இருக்கலாம்."

"ரெண்டும் இல்லன்னு எப்டித் தெரியும்?"

இறக்கையைக் கையால் தள்ளிக் காட்டினேன். தடங்கல் இல்லாமல் சுற்றியது. பக்கத்து அறை விசிறி வேகமாக ஓடுவதைக் காட்டினேன். அதன் பிறகுதான் டார்ச் மேலே போனது. வேலை முடிந்ததும் எத்தனை மார்க் என்று கேட்டேன். இருபதுக்கு ஒன்பது என்றார்.

"பக்கத்து ரூம்ல ஃபேன் ஓடுதுன்ற. அப்ப மெயின ஆஃப் பண்ணாமயே ஏறியிருக்க."

அவர் சொன்னது சரி.

அது ஒரு செவ்வாய்க்கிழமை. ஒன்பது நாள் கழித்து, வியாழக்கிழமை காலையில், நாளிதழை விரித்தபடியே போய்விட்டார். வயது எழுபது.

துக்கம் கேட்க வந்த பழைய மாணவர்களில் ஒருவர்கூட 'நல்ல மனிதர்' என்று சொல்லவில்லை. வெளியாள் ஒருவர் அப்படிச் சொல்லத் தொடங்கியதும், நரைத்த தலைகள் நாலைந்து ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. ஒருவர் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு வெளியே போனார். அதற்குக் காரணம் இருக்கிறது.

அப்பா, அரங்கநாதன், எலவனாசூர்கோட்டைக்காரர். தாத்தா குத்தகைக்குப் பயிரிட்டவர். அப்பா எம்.காம். முடித்து, 1985இல் கள்ளக்குறிச்சிக்கு வெளியே, வடக்கனந்தல் போகும் சாலையில் இருந்த ஒரு தனியார் கல்லூரியில் சேர்ந்தார். இரண்டு வருடம் தகுதிகாண் பருவம். மூன்றாம் ஆண்டு பி.காம். மாணவர்களுக்கு வணிக உத்தி என்ற பாடம் நடத்தினார். பசங்க அவருக்கு வைத்த பெயர் 'உத்தி'.

புத்தகத்தில் வெளிநாட்டு மோட்டார் கம்பெனிகள் இருந்தன. அப்பா அந்தப் பக்கங்களைத் தாண்டிவிட்டு வகுப்பை வெள்ளிமலைக்கு அனுப்பினார். மலைக்குப் பஸ் இருக்கிறது, டிக்கெட்டும் கம்மி. பிறகு ஏன் சனங்கள் ஜீப்பில் தொங்கிக்கொண்டு போகிறார்கள்? இதுதான் கேள்வி. முப்பத்திரண்டு பேர் மலைச்சாலையில் ஏறி இறங்கி, ஆளுக்குப் பத்துப் பக்கம் எழுதினார்கள். எல்லோருக்கும் ஆறு அல்லது ஏழு. இருபதுக்கு. எந்தப் பேப்பருக்கும் அவர் பதினொன்றுக்கு மேல் போட்டதில்லை.

ஒவ்வொரு கல்விப் பருவமும் முடிகிறபோது ஆளுக்கொரு துண்டுத்தாள் கொடுப்பார். ஆசிரியரைப் பற்றிய கருத்தை எழுத வேண்டும், பெயர் போட வேண்டாம். மாணவர்கள் மனம் திறந்து எழுதினார்கள். அடுத்த வாரம் அந்தத் தாள்கள் சிவப்பு மையில் திருத்தப்பட்டு, மார்க்குடன் அறிவிப்புப் பலகையில் தொங்கின.

'சார் சிரித்தால் வகுப்பு நடுங்குகிறது.' பக்கத்தில்: எத்தனை பேர் நடுங்கினார்கள்? எண்ணிக்கை இல்லை. 5.

'சார் டீக்கடையிலும் கேள்வி கேட்கிறார்.' உண்மை. ஆனால் தீர்வு சொல்லப்படவில்லை. 6.

'சாருக்குக் கல்யாணம் ஆனால் சரியாகிவிடும்.' நல்ல கணிப்பு. காத்திருந்து பார்க்க வேண்டும். 8.

'சார் நல்லவர்.' சான்று இல்லை. 0.

எழுதியது யார் என்று மட்டும் அவர் கேட்டதில்லை. கையெழுத்து தெரிந்தாலும் கேட்டதில்லை. பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்ட பிறகு கேட்பது மோசடி என்பார்.

எண்பத்தேழு மே மாதம் கல்யாணம் ஆனது. மேற்படி கணிப்பு பலிக்கவில்லை. அம்மா, பெரியநாயகி, பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு மாடியில் தட்டச்சுப் பயிலகம் நடத்திக்கொண்டிருந்தார். ஊரில் தமிழில் வேகமாக அடித்துத் தருகிற இடம் அப்போது அது ஒன்றுதான். பெயர்ப்பலகையில் அம்மாவின் அப்பா பெயர் இருந்தது. அப்பா தன் வீட்டு விஷயத்தைக் கல்லூரியில் பேசுகிறவர் அல்ல. ஆகவே அந்த டைப்பிஸ்ட் அக்கா யாருடைய மனைவி என்று எந்த மாணவனுக்கும் தெரியாது.

செப்டம்பரில் இட ஒதுக்கீட்டுப் போராட்டம் வந்தது. ஒரு வாரம் சாலை மறியல். புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டார்கள். அது வேடிக்கையான வாரம் அல்ல. வேறு ஊர்களில் உயிர்கள் போயின. எலவனாசூர்கோட்டையில் என் பெரியப்பாவும் மறியலுக்குப் போயிருந்தார். கல்லூரிக்கு விடுமுறை விட்டார்கள். இரண்டாம் நாள் அப்பா டெஸ்ட் வைப்பதாக முன்பே சொல்லியிருந்தார். பஸ் இல்லாததால் நடந்தார். நாலு கிலோமீட்டரில் மூன்று மரங்களைத் தாண்டினார். நான்காவது மரத்தின் மேல் அவருடைய மாணவர்கள் பதினோரு பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் வடக்கனந்தல் மாயவன். வகுப்பிலேயே நன்றாக வாதாடுகிறவன்.

"இன்னா சார், நடந்தே வந்துட்டீங்க?"

"இன்னைக்கு டெஸ்ட்."

"காலேஜ் லீவு சார்."

"காலேஜுக்குத்தான் லீவு வுட்டாங்க. டெஸ்ட்டுக்கு லீவுன்னு எங்க போட்டிருக்கு?"

மறியலுக்குப் பொறுப்பாக இருந்தவர் கொளஞ்சியப்பன் என்ற பெரியவர். துண்டை உதறிக்கொண்டு எழுந்து வந்தார்.

"ஏன் வாத்தியாரே, நாங்க ரோட்ட மறிச்சிக்கினு இருக்கோம். நீங்க இன்னா பசங்கள மறிச்சிக்கினு நிக்கிறீங்க?"

அப்பா மரத்தின் மேல் உட்கார்ந்து, பையிலிருந்து தாள்களை எடுத்து நீட்டினார். வினாத்தாளை அங்கேயே மாற்றினார். உங்கள் கோரிக்கை என்ன? அதைத் தரும் அதிகாரம் யாரிடம்? அவர் பாதி தருகிறேன் என்றால் என்ன செய்வீர்கள்? இரண்டு மாற்று வழிகள் எழுதுக.

கொளஞ்சியப்பன் கேள்விகளை ஒருமுறை படிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு, "எனக்கும் ஒரு பேப்பர் குடுங்க" என்றார். அவருக்கு எழுத வராது. அம்மாசி என்ற மாணவன் தன் டெஸ்ட்டை விட்டுவிட்டு அவர் சொல்லச் சொல்ல எழுதினான்.

முடிவுகள் அடுத்த வாரம் வந்தன. மாணவர்கள் பத்துப் பேருக்கு ஏழு. அம்மாசி தன் பேப்பரை எழுதாததால் சைபர். கொளஞ்சியப்பனுக்குப் பதினொன்று. குறிப்பு: தெளிவு.

மரத்தின் மேல் டெஸ்ட் வைத்ததைப் பசங்க பொறுத்துக்கொண்டிருப்பார்கள். பள்ளிக்கூடமே போகாத பெரியவர் வகுப்பில் முதலாவதாக வந்ததைப் பொறுக்க முடியவில்லை. கல்லூரிச் செயலரிடம் போனார்கள். செயலருக்கு ஏற்கெனவே அப்பாவைப் பிடிக்காது. தகுதிகாண் பருவம் முடியப் பத்து நாள்தான் பாக்கி. மாணவர்களே புகார் தந்தால் அனுப்பிவிடுவது சுலபம். எல்லோரும் கையெழுத்துப் போட்டு, டைப் அடித்து, அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் கொண்டுவரச் சொன்னார். வேலை போனால் அப்பா எலவனாசூர்கோட்டைக்குத் திரும்பி, தாத்தாவோடு குத்தகை நிலத்தில் இறங்க வேண்டியதுதான். அம்மா பயிலகத்தை மூடிவிட்டுக் கூடவே போக வேண்டும்.

மாயவனும் அம்மாசியும் மனுவை எடுத்துக்கொண்டு போன இடம், பஸ் நிலையத்துக்குப் பின்னால் உள்ள மாடி.

அம்மா முதல் வரியைப் பார்த்தார். 'பொருள்: விரிவுரையாளர் திரு. அரங்கநாதனை நீக்குதல்.' தாளை மெஷினில் சொருகினார்.

"எத்தினி காப்பி தம்பி?"

"ரெண்டு போதுங்க்கா."

அம்மா மூன்று எடுத்தார். 'கொடுங்கோளர்' என்று எழுதியிருந்ததைக் 'கொடுங்கோலர்' என்று திருத்தியும் கொடுத்தார்.

மூன்றாவது காப்பி அன்று சாயங்காலம் அப்பாவின் தட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. அப்பா படித்துக்கொண்டே சாப்பிட்டு முடித்தார்.

"இன்னா பண்ணப் போறீங்க?" என்றார் அம்மா.

"ரொம்ப மோசமா எழுதியிருக்கானுங்க."

"மோசமா எழுதினாலும் வேல போயிடும்."

"போனா போவட்டும். இப்டியா எழுதுறது? சிவப்புப் பேனா எங்க?"

மறுநாள் காலை வகுப்பில் அந்த மனுவை மேசைமேல் வைத்தார். ஓரமெல்லாம் சிவப்பு. நீக்கச் சொல்கிறீர்கள், பிறகு யார் பாடம் நடத்துவது? உணர்ச்சி அதிகம், தகவல் கம்மி. மாற்று வழி ஒன்றுகூட இல்லை. 7. அதன் கீழே: வெள்ளிக்கிழமைக்குள் திருத்தி எழுதுக.

அசல் மனு மாயவனின் சட்டைப் பைக்குள் இருந்தது. அதில் இன்னும் யாரும் கையெழுத்துக்கூடப் போடவில்லை.

அன்று மத்தியானம் முப்பத்திரண்டு பேரும் ஒருவரையொருவர் விசாரித்தார்கள். பழி அம்மாசி மேல் விழுந்தது. சைபர் வாங்கியவன் மார்க்குக்காகக் காட்டிக்கொடுத்திருப்பான் என்றார்கள். அவன் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்தான். கடைசியில் மாயவனும் அம்மாசியும் திரும்பவும் மாடி ஏறி, நடந்ததையெல்லாம் டைப்பிஸ்ட் அக்காவிடமே சொல்லி முறையிட்டார்கள்.

"எப்டிக்கா கெடைச்சிருக்கும் அந்தாளுக்கு?"

"உங்களுக்குள்ளயே எவனோ இருக்கான் தம்பி" என்றார் அம்மா. "உஷாரா இருங்க. இந்தவாட்டி இங்கயே ஒக்காந்து எழுதுங்க."

இரண்டு சாயங்காலம் அங்கேயே உட்கார்ந்து எழுதினார்கள். அம்மா டீ வாங்கிக் கொடுத்தார். அப்படி உருவான இரண்டாவது மனுவில் மூன்று பத்திகள். முதல் பத்தி குறைகள், தேதி வாரியாக. இரண்டாவது பத்தி முதல் மாற்று: அவரை நீக்குவது. மூன்றாவது பத்தி இரண்டாவது மாற்று. அதை அப்படியே தருகிறேன்.

'அல்லது, இவரையே வைத்துக்கொண்டு, ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் எழுத்தில் காரணம் கேட்கும் உரிமையை எங்களுக்கு அளிக்கலாம். அடுத்து வருபவர் எங்களுக்குப் பதினைந்து போடக்கூடும். ஆனால் எங்களுக்கு என்ன தெரியாது என்பதை இதுவரை இவர் ஒருவர்தான் சொல்லியிருக்கிறார். இவர் தம் வீட்டில் குழம்புக்கும் மதிப்பெண் போடுவதாக அறிகிறோம். ஆகவே இது மாணவர்கள் மீதான வன்மம் அல்ல, பொதுவான குணம். இரண்டாவது வழியையே பரிந்துரைக்கிறோம்.'

முப்பத்திரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். பாதிப் பேர் படிக்காமலே போட்டதாக இப்போது ஒப்புக்கொள்கிறார்கள். செயலர் கடைசி வரி வரைக்கும் வந்து, "இது புகாரா, சிபாரிசா?" என்று கேட்டாராம். அந்தத் தாளை வைத்துக்கொண்டு யாரையும் நீக்க முடியாது. வேலை உறுதியானது. அப்பா 2013 வரை அங்கேயே இருந்தார். ஏழு போட்ட ஒவ்வொரு பேப்பரிலும் ஏன் ஏழு என்று அரைப் பக்கம் எழுதினார். சிவப்பு மைப் புட்டிகள் எங்கள் வீட்டில் பால் போல வந்துகொண்டிருந்தன.

தை மாதம் அம்மாவை சைக்கிள் பின்சீட்டில் உட்காரவைத்து அப்பா கடைத்தெருவில் போனபோதுதான் பசங்க பார்த்தார்கள். எதிரே வந்த அம்மாசி அப்படியே சைக்கிளோடு ஒரு வெங்காய வண்டியில் போய் மோதினான். அம்மா பின்னாலிருந்து, "பாத்துப் போ தம்பி" என்றாராம்.

குழம்பு விஷயம் பசங்களுக்கு எப்படித் தெரிந்தது என்பது அப்பாவுக்கு அன்றே உறுத்தியிருக்கிறது. இரண்டாவது மனுவின் காப்பியும் அவரிடம் இருந்தது. முதல் இரண்டு பத்திகளையும் திருத்தியிருக்கிறார். மூன்றாவது பத்தியில் ஒரு சிவப்புக் கோடுகூட இல்லை. மார்க் கட்டம் காலி. எழுதியது மாணவனா மனைவியா என்று தெரியாமல் மார்க் போட முடியாது. யார் எழுதியது என்று கேட்பது அவர் வழக்கத்துக்கு விரோதம். இப்படியே முப்பத்தேழு வருடம் ஓடியது. அம்மாவிடமும் கேட்கவில்லை. அம்மாவும் சொல்லவில்லை.

போன மாதம், அப்பா போவதற்குச் சில நாள் முன்பு, மாயவன் போன் செய்தார். கூட்டுறவு வங்கி வேலையாக வெள்ளிமலைக்குப் போய், ஓய்வு பெற்ற பிறகும் அங்கேயே தங்கிவிட்டவர். பேச்சுவாக்கில், "அந்த மனுவுக்கு நீங்க இன்னும் மார்க்கே போடல சார்" என்றார். நான் பக்கத்தில் இருந்தேன். அப்பா போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, வாழ்க்கையில் முதல்முறையாக வழக்கத்தை மீறினார்.

"மூணாவது பத்தி யாரு எழுதினது?"

மறுமுனையில் சிரிப்பு. "போன்ல சொல்ல முடியாது சார். வூட்டுக்கு வாங்க. அக்காவ இட்டுக்கினு வராதீங்க."

காரியங்கள் முடிந்த பிறகு அம்மாவிடம் நானே கேட்டேன்.

"நீதான் எழுதினியாம்மா?"

"நான் டைப் அடிச்சேன்."

"அது பதில் இல்லம்மா."

அம்மா அப்பாவின் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "தெரிஞ்சிக்கணும்னு இருந்தவரு கேட்டிருக்கணும்" என்றார்.

அப்பாவின் சட்டைப் பை டைரியில், கடைசியாக எழுதிய பக்கத்தில், நான்கு வரிகள் இருக்கின்றன.

ஞாயிறு. காலை 6.15 பஸ். வெள்ளிமலை.
மாயவனைப் பார்க்க.
மனுவின் காப்பி எடுத்துக்கொள்ள.
திரும்பி வந்து மார்க் போட.