கிணற்றடி அக்காவின் நாலாவது வரி

புதிதாக வந்த வீடியோ கேமில், கிணற்றடியில் நிற்கும் அக்கா யாரும் எழுதிக்கொடுக்காத வசனத்தைப் பேசுகிறாளாம். தசரதன் இதைத் தன் கண்ணால் பார்க்கவில்லை. அவன் மைத்துனனின் நண்பன் ஒருவன் கோவிலம்பாக்கத்தில் விளையாடும்போது பார்த்ததை, டீக்கடையில், அந்தக் கேமுக்கு வசனம் எழுதிய தன் நண்பன் ஜாய்சனிடம் சொன்னான்.

"நீ எழுதின அக்காதான் மச்சான். மூணு வரி பேசி முடிச்சதும் பட்டன அமுக்காம சும்மா குந்திகினு இருந்தா, நாலாவதா ஒண்ணு சொல்லுதாம்."

"இன்னான்னு?"

"அவன் வாயத் தொறக்க மாட்டேங்கறான். கேமையே அழிச்சிட்டானாம்."

ஜாய்சன் சிரித்தான். நாலாவது வரி கிடையாது என்பது அவனைவிட யாருக்குத் தெரியும்?

தாம்பரம் மேற்கில் ஒரு பேக்கரியின் மாடியில் கம்பெனி. கேமில் வரும் ஆட்களுக்கு வசனம் எழுதும் வேலைதான் பதினோரு வருஷமாக அவனுக்குச் சோறு போடுகிறது. ஆரம்பத்தில் உப்பு விற்பவனுக்குக்கூட ஒரு பிறந்த ஊர், ஒரு பழைய பகை, ஒரு முதுகுவலி எழுதிவைப்பான். இந்த முறை ராஜா, போர், மந்திரக் கத்தி என்று பெரிய கதை. ஊர்க்காரர்கள் மட்டும் நாற்பது பேர். ஆறு மாதம் கேட்டான். மேலாளர் கஸ்தூரிரங்கன் பதினைந்து நாள் கொடுத்தார்.

"ஆளுக்கு மூணு லைன் போதும் ஜாய்சன். ஆடுறவன் கத்தி வாங்க வருவான், கதை கேக்கவா வருவான்?"

அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை போகாது. கிணற்றடிப் பெண்ணுக்கு ஒன்றும் தோன்றாமல் இரும்புலியூர் வீட்டில் விழித்துக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் ஆராதனை முடிந்ததும் வழக்கம்போல யூனிஸ் போனில் கூப்பிட்டாள். கூடப்பிறந்த அக்கா, பள்ளிக்கரணையில் தனியாக இருக்கும் டீச்சர்.

"சாப்ட்டியா? அங்க மழையா? எப்ப வருவ?"

"வரேன்க்கா, வேலையா இருக்கேன்."

துண்டித்துவிட்டு அந்த மூன்று கேள்விகளையும் அப்படியே எழுதிச் சேர்த்தான். ஒரு ஆள் முடிந்தது. பள்ளிக்கரணைக்குப் பைக்கில் முக்கால் மணி நேரம்தான். அவன் போய் மூன்று வருஷம் ஆகியிருந்தது.

டீக்கடையிலிருந்து மாடி ஏறியதும் வசனக் கோப்பைத் திறந்தான். மூன்றே வரி. சந்தேகம் தீரக் கேமையும் ஓட்டினான். பட்டப்பகல், கீழேயிருந்து பன் வாசனை வந்துகொண்டிருந்தது. அக்கா கிணற்றடியில் நின்றாள். அந்த ஊரில் பத்துப் பெண்களுக்கு ஒரே முகம், அதில் ஒருத்தி இவள்.

சாப்ட்டியா. அங்க மழையா. எப்ப வருவ.

எல்லோரும் இங்கேதான் பட்டனை அமுக்கிவிட்டுப் போவார்கள். அவன் கையை மடியில் வைத்துக்கொண்டான். நாலு நிமிஷம் ஒன்றுமில்லை. பிறகு அவள் தலையை லேசாகச் சாய்த்தாள். சாய்ப்பதற்கு அவளுக்கு யாரும் சொல்லித்தந்திருக்கவில்லை.

திரைக்கடியில் எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தன.

"சின்னதா ஒரு ஜெபம் பண்ணிட்டு வெச்சிடலாமா?"

அந்த ராஜ்ஜியத்தில் ஜெபம் இல்லை. வைப்பதற்குப் போனும் இல்லை. ஜாய்சனின் வீட்டில்தான், ஒரு வரி ஜெபம் சொல்லாமல் போனை வைக்கக்கூடாது என்று அப்பா பழக்கியிருந்தார். அப்பா போன பிறகும் யூனிஸ் அதை விடவில்லை. அவள் கேட்க வாயெடுப்பதற்குள் துண்டித்துவிடுவது அவன் வழக்கம். இது ஆபீசில் ஒருவருக்கும் தெரியாது.

"இன்னும் கிணத்தடியிலயே நிக்கறியா?" கஸ்தூரிரங்கன் பின்னால் வந்து எட்டிப்பார்த்தார்.

"சார், இந்த வரிய யாராவது சேத்தீங்களா?"

"எந்த வரி? எப்ப வருவன்னுதான இருக்கு."

அவர் போய்விட்டார். ஜாய்சனின் கண்ணுக்கு அந்த வரி அங்கேயேதான் இருந்தது.

போன ஞாயிறு யூனிஸ் கூப்பிடவில்லை. அதற்கு முந்தின ஞாயிறும் இல்லை. ஒரு தொல்லை குறைந்தது என்றுதான் அப்போது நினைத்தான். இப்போது யோசித்தால், அவள் எந்த வகுப்புக்குப் பாடம் எடுக்கிறாள், என்ன மாத்திரை போடுகிறாள், பக்கத்து வீட்டில் யார், எதுவுமே அவனுக்குத் தெரியவில்லை. அவனிடம் இருந்த அக்காவும் மூன்று வரிதான்.

போனை எடுத்து அவள் எண்ணை அழுத்தினான். மணி போனது. போய்க்கொண்டே இருந்தது.

திரையில் கிணற்றடி அக்கா மெல்லத் திரும்பினாள், எங்கோ உள்ளே போன் அடிப்பது காதில் விழுந்தவள்போல.