அக்கா படுத்துப் பார்த்த வீடுகள்

நெல் அவியும் வாசனை பஸ் ஜன்னல் வழியாக வந்து முகத்தில் படிந்தால் மண்ணச்சநல்லூர் வந்துவிட்டது என்று பொருள். ஈரமும் வெதுவெதுப்புமான அந்த வாசனைக்குள் எங்கோ அக்கா நடமாடிக்கொண்டிருப்பதாகவே இந்த ஒரு வருடமாக எனக்குத் தோன்றுகிறது. ஊர் ஊராகச் சுற்றுகிற தம்பி நான். எந்த அறையிலும் சேர்ந்தாற்போல் இரண்டு மழைக்காலம் தங்கியவன் இல்லை. முதல் வருட நினைவு மலருக்கு என்னைப் போய் அக்காவைப் பற்றி எழுதச் சொல்லியிருக்கிறார் அத்தான். எழுத உட்கார்ந்தால் வருடங்கள் வரவில்லை, வீடுகள்தான் வருகின்றன. அவற்றில் பெரும்பாலானவை நாங்கள் குடியிருக்காத வீடுகள்.

அக்கா பிறந்தது பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில். அப்பா பணிமனையில் ஃபிட்டர். சங்கு ஊதினால் தெரு முழுக்க சைக்கிளில் ஏறிக்கொள்ளும். அப்பா ஓய்வு பெற்றதும் அந்த வீட்டைத் திருப்பிக் கொடுத்தோம். பிறகு வந்ததெல்லாம் வாடகை வீடுகள். அக்கா நர்ஸ் படிப்பு முடித்து ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். நான் கல்லூரிக்குப் போனது அந்தச் சம்பளத்தில். போட்டோ ஸ்டுடியோவில் வேலை பார்த்த அத்தானைக் கைப்பிடித்து ஸ்ரீரங்கத்தில் ஒரு மாடிப் போர்ஷனில் குடியேறினார். ஒரே மகளை வளர்த்து, படிக்கவைத்து, சென்னையில் கட்டிக் கொடுத்ததும் அந்த மாடியில் இருந்துதான்.

நைட் டியூட்டி என்றால் யாரும் விரும்ப மாட்டார்கள். பிள்ளைக்காரிகள் தூங்கட்டும் என்று அக்கா அதைத் தானே கேட்டு வாங்கிக்கொள்வார். ஊர் விழித்திருக்கும் மத்தியானத்தில்தான் அவருக்குத் தூக்கம். கண் அயரும் நேரம் பார்த்து வீட்டுக்காரம்மா கதவைத் தட்டுவார்.

“சிஸ்டர், துணி சொட்டுது பாருங்க. கீழ அப்பளம் காய வெச்சிருக்கேன்ல?”

“இதோ எடுத்துடுறேங்க.”

சிரித்துக்கொண்டேதான் எழுந்து போவார். அந்தச் சிரிப்பின் ஓரத்தில் பல வருடத் தூக்கம் தேங்கிக் கிடந்தது.

அக்கா ஓய்வு பெற்ற சமயம் பார்த்து, அந்த வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டப் போவதாகச் செய்தி வந்தது. தை பிறந்ததும் காலி செய்ய வேண்டும். “எங்களோட வந்துடும்மா” என்று மகள் அழைத்தாள். அக்கா மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டார்.

“இனிமே வாடகைக்கும் இல்ல, யார் வீட்டுக்கும் இல்ல. சாகுறதுக்குள்ள என் வீட்டுல ஒரு மத்தியானத் தூக்கம் தூங்கணும், அவ்வளவுதான்.”

ஸ்ரீரங்கத்தில் விலை கேட்டபோது நாங்கள் மூவரும் சிரித்தோம். கே.கே. நகரில் கேட்டபோது சிரிக்கவும் வரவில்லை. கையில் இருக்கும் பணத்துக்கு எந்த ஊர் இடம் கொடுக்கும் என்று தேடி, ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறத் தொடங்கினோம். ஒயர் கூடையில் எலுமிச்சை சாதம், தண்ணீர் பாட்டில், அடியில் மடித்துவைத்த ஒரு போர்வை.

அந்தப் போர்வை எதற்கென்று காட்டூரில் தெரிந்தது. வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு அக்கா புரோக்கரிடம் பணிவாகக் கேட்டார்.

“தம்பி, இங்க கொஞ்ச நேரம் படுத்துப் பாக்கலாமா?”

“என்னக்கா இது, புடவைக் கடையில போட்டுப் பாக்குற மாதிரி கேக்குறீங்க!”

“ராத்திரியில எல்லா வீடும் நல்ல வீடுதாம்பா. மத்தியானம்தான் குணம் தெரியும்.”

“கல்யாணத்துக்கு முன்னாடி எனக்கு இந்தப் பரீட்சை வெச்சிருந்தா நான் ஃபெயிலு,” என்றார் அத்தான். “என் குறட்டை அப்படி.”

இப்படித்தான் அந்த மாதங்கள் போயின, பாதி பஸ்ஸிலும் பாதி கனவிலும். ஆள் இல்லாத கூடங்களில் வெயில் சதுரமாக விழுந்து கிடக்கும். சுண்ணாம்பு வாசனை. அக்கா போர்வையை விரித்து ஒருக்களித்துப் படுப்பார். வெளியே நானும் அத்தானும் எலுமிச்சை சாதம் சாப்பிட்டுக்கொண்டு, யாருடையதோ ஒரு வீட்டுக்குள் அக்கா தூங்கப் போவதைக் காவல் காப்போம். திரும்பும் பஸ்ஸில் கண்ட கனவைச் சொல்வார். லால்குடி வீட்டில் கொள்ளிடம் வாசற்படி வரை ஏறி வந்து, உள்ளே வரட்டுமா என்று கேட்டதாம்.

“நீ என்னக்கா சொன்னே?”

“காலைக் கழுவிட்டு வான்னேன்.”

துவாக்குடியில் தூக்கமே வரவில்லை. மாடி முழுக்கக் கல்லூரிப் பிள்ளைகள், வாசல் முழுக்க மோட்டார் பைக். “பாவம், என்ன சாப்பிட்டுச்சுங்களோ” என்று கவலைப்பட்டுக்கொண்டே எழுந்து வந்தார். குளித்தலையில் நடந்தது வேறு. வெயில் ஒரு சுவரிலிருந்து அடுத்த சுவருக்கு நகர்ந்த பிறகும் அக்கா எழவில்லை.

“சார், அம்மாவைக் கொஞ்சம் எழுப்புங்க. எனக்குப் பயமா இருக்கு,” என்றார் அந்த ஊர் புரோக்கர்.

எழுந்து வந்த அக்காவின் முகம், பொன்மலையில் இரட்டைச் சடையுடன் நின்ற முகம். விலையும் கைக்கு எட்டியது. ஆனால் பத்திரத்தைப் பார்த்தால், வீடு மூன்று அண்ணன் தம்பிகளுக்குப் பொதுவில் கிடந்தது. ஒருவர் கையெழுத்துப் போட மாட்டேன் என்றுவிட்டார். அன்று பஸ்ஸில் காவிரி எங்களுடன் கூடவே வந்தது. அக்கா அதைப் பார்க்கவில்லை.

“தூங்கின வீடு கைய விட்டுப் போச்சுடா.”

அதுதான் அவர் வாயிலிருந்து நான் கேட்ட ஒரே புலம்பல். கார்த்திகை முடியப் போகிறது. மார்கழியில் யாரும் வீடு மாற மாட்டார்கள். தை பிறந்தால் காலி செய்தாக வேண்டும்.

அந்தச் சமயத்தில்தான் மண்ணச்சநல்லூர் போனோம். இரண்டு அறை, ஒரு சின்னக் கூடம், அருகில் ரைஸ் மில்லின் ஓயாத முனகல். எனக்கு நம்பிக்கை இல்லை. அக்கா போர்வையை விரித்துப் படுத்தார். எதிர்வீட்டு அம்மா சொம்பில் தண்ணீரோடு வந்தார்.

“வீடு பாக்க வந்தீங்களா? தண்ணி குடிங்க. உள்ள படுத்திருக்காங்களே, உடம்பு முடியலையா?”

“உடம்புக்கு ஒண்ணுமில்லைங்க,” உள்ளேயிருந்து அக்காவின் குரல். “வீட்டைத்தான் படுத்துப் பாக்குறேன்.”

“அதுக்கு நடுக்கூடத்துலயா படுப்பாங்க? ஜன்னல் ஓரமா வாங்க. காத்து அங்கதான் வரும்.”

சொல்லிவிட்டு அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார். மில் எப்போது ஓயும், குழாயில் எப்போது தண்ணீர் வரும், துபாய்க்குப் போன மகன் எப்போது போன் செய்வான்... பேச்சு முழங்கால் வலிக்கு வந்தது. அக்கா எழுந்து உட்கார்ந்து அவருடைய காலைத் தன் மடியில் வைத்துப் பிடித்துவிட்டார். நர்ஸ் வந்திருக்கிற சேதி கேட்டு இன்னொருவர் மாத்திரைச் சீட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். வெயில் இறங்கும்வரை உள்ளே சிரிப்புச் சத்தம்.

“கண்ணையே மூடலையேம்மா,” என்றார் அத்தான். “இதுவும் ஃபெயிலா?”

அக்கா போர்வையை மடித்துக்கொண்டே சொன்னார்.

“டியூட்டி பாத்தப்ப தூக்கம் வேணும்னு தவிச்சேன். இப்ப எதுக்குங்க அவ்வளவு தூக்கம்? இங்க முழிச்சிருக்கலாம்போல இருக்கு. இதையே பேசி முடிங்க.”

தை பிறந்ததும் பால் காய்ச்சினோம். இதைப் படிக்கும் நீங்கள் எல்லோரும் வந்திருந்தீர்கள். கூடத்தில் இடம் போதாமல் தெருவில் பந்தி போட்டோம், நினைவிருக்கும். இரண்டு பொங்கல் அந்த வீட்டில் வைத்தார். மத்தியானங்களில் தூங்கினாரா என்று கேட்டால் அத்தான் சிரிப்பார். ஊசி போட, பிரஷர் பார்க்க, சும்மா பேச என்று யாராவது வந்தபடியே இருப்பார்களாம். வயிற்றில் வந்த நோயை டாக்டர் சொல்வதற்கு முன்பே அக்கா தெரிந்துகொண்டார். முடிந்தவரை ஆஸ்பத்திரியில் இருந்தார். பிறகு, வீட்டுக்குப் போகலாம் என்றார்.

அந்த நாட்களில் லீவு போட்டு வந்து தாயைப் பிள்ளைபோலப் பார்த்துக்கொண்ட மகளுக்கும் மருமகனுக்கும், முறைவைத்து வந்து கவனித்த, அக்காவுடன் வேலை பார்த்த நர்ஸுகளுக்கும், நேரம் பார்க்காமல் வண்டி எடுத்த ஆட்டோக்காரருக்கும், கஞ்சியும் ரசமும் கொண்டுவந்துகொண்டே இருந்த எதிர்வீட்டு அம்மாவுக்கும், அக்கா போன அன்று அடுப்பு மூட்டாமல் எங்களோடு உட்கார்ந்திருந்த அந்தத் தெருவுக்கும் நாங்கள் என்ன சொன்னாலும் குறைவுதான். கைகூப்புகிறோம். அத்தானை இனியும் நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அன்று சாயங்காலம் அத்தானிடமிருந்து போன் வந்தபோது நான் விழுப்புரத்தைத் தாண்டியிருந்தேன். மத்தியானம்தான் கிளம்பியிருந்தேன். ஜன்னல் ஓரக் கட்டிலில் அக்கா. என் தோளில் பை. தெருச் சத்தம் தொந்தரவாக இருக்குமே என்று கதவை மெல்ல இழுத்தேன்.

“சாத்தாதடா,” என்றார் அக்கா. “திறந்தே இருக்கட்டும். நம்ம தெருதானே.”