வெட்டிய கடைசிக் காட்சி: லாங்கன்தாலுக்கு ஒரு பயணம்

என் மைத்துனனின் அழுகையை நகைச்சுவை நாடகமாக்கி மேடையேற்றியவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் இந்தப் பயணம் எதற்கு என்று வாசிப்பவருக்கு விளங்காது.

நான் இருப்பது வட இங்கிலாந்தில், மான்செஸ்டருக்குப் பக்கத்துச் சிறிய பட்டணம் ஒன்றில். யாழ்ப்பாணத்தில் ஆசிரியராக இருந்தேன். இங்கே வந்து பிஸ்கட் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வு பெற்றேன். தேவாலய மண்டபத்தில் உள்ளூர்க்காரர் போடும் நாடகங்களை வந்த புதிதிலேயே பார்க்கத் தொடங்கிவிட்டேன். பஞ்சாலைத் தொழிலாளி, நிலக்கரி வண்டிக்காரர், பின்சந்தில் உடுப்புக் காயப்போட்டபடி வம்பளக்கும் பெண்கள், வாடகை வாங்க வருபவரைக் கண்டதும் கதிரைக்குப் பின்னால் ஒளியும் குடும்பம். செத்தவீட்டில்கூட இறைச்சி எல்லோருக்கும் காணுமா என்று சண்டை பிடிப்பார்கள். வயிறு நோகச் சிரிப்போம். ஆனால் முடிவில் யாராவது ஒருவர் ஒரு கோப்பைத் தேநீருடன் வந்து, அதுவரை எல்லோரும் பார்த்துச் சிரித்த மனிதருக்குப் பக்கத்தில் உட்காருவார். அதன் பிறகுதான் திரை விழும். "இந்தச் சனம் முதல் சிரிக்கும், பிறகு பக்கத்தில வந்து இருக்கும்" என்பாள் என் மனைவி.

அவளுடைய தம்பி குணம் சுவிற்சர்லாந்தில், லாங்கன்தாலில், ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தான். பெயர்களை மாற்றியிருக்கிறேன். அவனுக்கும் ராணிக்கும் பிறந்த ஆண் குழந்தை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வராமலே இறந்துபோனது. அடுத்த வருடம் நான் அவர்களிடம் போய் நின்றேன். அங்கே மாடி வீடுகளில் நிலக்கீழ் அறையில் ஒரே ஒரு சலவை இயந்திரம்தான் இருக்கும். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு முறைநாள். குணத்தின் முறை இரண்டு வாரத்துக்கு ஒரு புதன்கிழமை. என் சட்டையொன்றைக் கொடுக்கக் கீழே இறங்கியபோது, இயந்திரத்தில் நெற்றியை வைத்து அவன் அழுதுகொண்டிருந்ததைப் பார்த்தேன். இயந்திரம் உறுமிச் சுற்றும் வரைதான், அழுகை வெளியே கேளாதபடி, அழுதான். நின்றதும் முகத்தைக் கழுவிக்கொண்டு உடுப்புகளை எடுத்தான்.

"ராணிக்குச் சொல்லிப்போடாதேங்கோ அத்தான். நானும் உடைஞ்சா அவ தாங்கமாட்டா" என்றான். சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

ராணிக்கு நான் சொல்லவில்லை. நாடகமாக எழுதினேன். மனைவிக்குப் பயந்து, சலவை இயந்திரத்தில் சாய்ந்து அழுதபடி அதோடு குடும்பம் நடத்தும் ஒருவனின் கதை. கடைசிக் காட்சியில் மனைவி தேநீரோடு கீழே இறங்கி வந்து அவனுக்குப் பக்கத்தில் உட்காருவாள். அவன் ஏன் அங்கே வருகிறான் என்பது அப்போதுதான் சபைக்குத் தெரியவரும். வடக்கிங்கிலாந்துக்காரரிடம் கற்றது அது.

சுவிற்சர்லாந்தின் வின்டர்தூர் நகரில், தமிழர் கலைவிழா ஒன்றில் மேடையேற்றினோம். ஐந்து மணிக்கு என்று அறிவித்த விழா ஏழரைக்குத்தான் தொடங்கியது. விளக்கேற்றலுக்கு ஒரு வரிசை ஆட்கள், வரவேற்புரை, அதற்கு மேல் இரண்டு வாழ்த்துரை. பத்து மணிக்கு மண்டபத்தைக் கூட்டித் துடைத்துக் கதவுத் திறப்பை ஒப்படைக்க வேண்டும். மண்டபப் பொறுப்பாளர் பின்கதவில் நின்று மணிக்கூட்டைக் காட்டினார். வாழ்த்துரையை வெட்ட எனக்குத் துணிவு வரவில்லை. கடைசிக் காட்சியை வெட்டினேன்.

ஆகவே சபை சிரித்ததோடு நாடகம் முடிந்தது. மூன்றாம் வரிசையில் குணமும் ராணியும் இருந்தார்கள். வசனங்களில் ஒன்றிரண்டு, அவன் இயந்திரத்தில் சாய்ந்து முணுமுணுத்தவை; மேடையில் நிற்பது யாரென்று ராணிக்கு உடனே விளங்கியது. ராணி எழுந்து வெளியே போனாள். தனக்குச் சொல்லாததைக் கணவன் எனக்குச் சொல்லியிருக்கிறான் என்று அவள் நம்பினாள். நான் யாருடைய அத்தான் என்பது சனத்துக்குத் தெரியும்; குணத்துக்கு 'மெஷின் குணம்' என்று பெயர் வந்தது. கோயிலிலும் கடையிலும் "என்ன, மெஷின் சுகமோ?" என்று கேட்டார்கள். சில வருடங்களில் ராணி சூரிச்சுக்குப் பக்கத்து டீட்டிகோனில் தனியாக வீடெடுத்துப் போய்விட்டாள். என் மனைவி இறந்தபோது குணம் வந்தான், அக்காவின் சவப்பெட்டியைச் சுமந்தான், என்னோடு ஒரு சொல் பேசாமல் அன்றே திரும்பினான்.

அந்த நாடகம் போட்டுப் பதினெட்டு வருடங்கள். இந்த இலையுதிர் காலத்தில், வெட்டிய அந்தக் காட்சியைப் புதிதாக எழுதிப் பையில் வைத்துக்கொண்டு புறப்பட்டேன்.

புதன்கிழமை காலை மான்செஸ்டரிலிருந்து விமானம். சூரிச்சுக்கு இரண்டு மணி நேரத்துக்குக் குறைவு. விமான நிலையத்துக்குக் கீழேயே ரயில். ஒரு கோப்பி ஐந்து பிராங் இருபது. ஓல்டனில் ரயில் மாறினேன். பக்கத்து இருக்கையில் ஒரு தமிழ்ப் பெண்; முதியோர் இல்லத்தில் வேலையாம்.

"ஐயா எங்க போறியள்?"

"லாங்கன்தாலுக்கு. மைத்துனரைப் பார்க்க."

"தெரிஞ்ச ஆக்களாயிருக்கும். பேர் என்ன?"

சொன்னேன். அவள் முகம் மலர்ந்தது. "ஓ, மெஷின் குணம் அண்ணையோ! நல்ல மனுசன். அந்தப் பேர் ஏன் வந்ததெண்டுதான் எனக்குத் தெரியாது."

நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். சோளம் வெட்டிய வயல்கள், மரக்கட்டைகளை அளவாக அடுக்கிவைத்த வீடுகள்.

லாங்கன்தால் நிலையத்திலிருந்து அவன் வீடு பத்து நிமிட நடை. கதவைத் திறந்தவன் கையில் உடுப்புக்கூடை இருந்தது. தலை முழுக்க நரைத்திருந்தது.

"என்ன அத்தான், நாள் பாத்துத்தான் வந்தியளோ? இண்டைக்கு என்ரை முறைநாள்" என்றான்.

நான் நாள் பார்த்து வரவில்லை. மலிவான டிக்கெட் புதன்கிழமைக்குத்தான் கிடைத்தது. சொன்னால் நம்புவானோ என்று நினைத்தபடி அவன் பின்னால் நிலக்கீழ் அறைக்கு இறங்கினேன். இயந்திரம் புதிது; இடம் அதேதான். அதன் முன்னால் நின்று மன்னிப்புக் கேட்டேன். பிறகு தாள்களை எடுத்து, இந்தக் காட்சியோடு நாடகத்தை மறுபடியும் வின்டர்தூரில் போடலாம், நானே முன்னுக்கு வந்து நடந்ததைச் சொல்கிறேன் என்றேன்.

"வாசியுங்கோ, கேப்பம்."

ஆணுக்கும் பெண்ணுக்கும் நானே பேசி வாசித்தேன். மனைவி படியிறங்கி வருகிறாள், தேநீரை நீட்டுகிறாள், பக்கத்தில் உட்காருகிறாள். குணம் உடுப்புகளை வெள்ளை வேறு, நிறம் வேறாகப் பிரித்தபடி கேட்டான்.

"நல்லாத்தான் எழுதியிருக்கிறியள்" என்றான். "ஆனா அவ வரேல்லை அத்தான். அண்டைக்குப் பிறகு ஒருநாளும் அவ இந்தப் படியால இறங்கேல்லை. உடுப்பெல்லாம் நான்தான். இதைப் போட்டா, அவ வந்தவ எண்டு சனம் நினைக்கும். முதல்ல என்னைப் பற்றிப் பொய் சொன்னியள். இப்ப அவவைப் பற்றியும் சொல்லப் போறியளோ?"

தாள்களை மடித்தேன். அவன் ஒரு படுக்கை விரிப்பை உதறி, மறுமுனையை என்னிடம் எறிந்தான். இருவரும் இழுத்து மடித்தோம்.

"ராணியிட்டப் போகலாமெண்டு நினைக்கிறன். நீ எனக்குச் சொல்லேல்லை, நான்தான் கண்டனெண்டு சொல்லவேணும்" என்றேன்.

"போங்கோ. ஆனா என்ரை பேரில போகாதேங்கோ. அவ தேத்தண்ணி தருவா. குடிச்சிட்டு வந்து அதையும் நாடகமாக்காதேங்கோ" என்றான். வாய் கொஞ்சம் சிரித்தது. கண் சிரிக்கவில்லை.

மறுநாள் ஆராவில் இறங்கிச் சிறிய ரயில் பிடித்து டீட்டிகோனுக்குப் போனேன். ராணிக்குப் பொருட்களைப் பொதிசெய்யும் கிடங்கொன்றில் வேலை. வீட்டுக்கு வரவேண்டாம், வேலை முடிந்து நிலையத்துக்கு வருகிறேன் என்று தொலைபேசியில் சொல்லியிருந்தாள். மூன்றரைக்கு வந்தாள், இரண்டு கடதாசிக் கோப்பைகளில் தேநீரோடு. ஒன்றை என்னிடம் தந்தாள். நிலையத்து வாங்கில் உட்கார்ந்திருந்த நான் ஒதுங்கி இடம் விட்டேன். அவள் நின்றபடியே குடித்தாள்.

நடந்ததைச் சொன்னேன். குணம் என்னிடம் எதையும் சொல்லவில்லை, நான்தான் பார்த்தேன், அவன் கேட்டுக்கொண்டதையும் மீறினேன் என்றேன்.

"அது எனக்குப் பிறகு விளங்கினது, அண்ணை" என்றாள். "அவர் அப்பிடிச் சொல்லுற ஆளில்லை."

"அப்ப ஏனம்மா திரும்பிப் போகேல்லை?"

அவள் தண்டவாளத்தைப் பார்த்தாள். "மகன் செத்ததுக்கு ஒருக்கா நல்லா அழவேணும், மற்றதெல்லாம் அதுக்குப் பிறகுதான் எண்டு இருந்தனான். ஆனா அவர் அழேல்லையெண்டு நானும் அடக்கிக்கொண்டு இருந்தன். பிறகு அந்த மண்டபத்தில, அவர் அழுததுக்குத்தான் அவ்வளவு பேரும் சிரிக்கினமெண்டு கண்டன். அதுக்குப் பிறகு எனக்கு அழ வரேல்லை. இன்னும் வரேல்லை. அழத் தெரியாத ஆள் அங்க போய் என்ன செய்யிறது?"

சூரிச் ரயில் வந்தது. என் வெற்றுக் கோப்பையையும் வாங்கித் தன்னுடையதற்குள் செருகிக்கொண்டு, "கவனமாப் போங்கோ" என்றாள்.

இப்போது என் பட்டணத்தில் மழை. தேவாலய மண்டபத்தில் இந்த மாதமும் ஒரு நாடகம் இருக்கிறது. டிக்கெட் எட்டுப் பவுண், நான் போகவில்லை. சிரிப்பதற்கும் பக்கத்தில் உட்காருவதற்கும் நடுவே எவ்வளவு நேரம் போகலாம் என்பது அந்த நாடகக்காரருக்குத் தெரியும். எனக்குப் பதினெட்டு வருடங்கள் போய்விட்டன.

இதை எழுதி முடித்ததும் குணத்தைத் தொலைபேசியில் அழைத்தேன். நீ வேண்டாமென்றால் கிழித்துவிடுகிறேன், முதலில் கேள் என்று சொல்லி முழுவதையும் வாசித்தேன். அவன் பக்கத்தில் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது, அன்றும் புதன்.

"போடுங்கோ. இந்த முறை ஒண்டையும் வெட்டாதேங்கோ" என்றான். பிறகு, "ராணி சொன்னதைத் திருப்பி ஒருக்கா வாசியுங்கோ" என்றான்.

வாசித்தேன். இயந்திரம் வேகமெடுத்து உறுமுவது மட்டும் நெடுநேரம் கேட்டது. பிறகு அது மெல்லமெல்லத் தணிந்தது.

"மெஷின் நிண்டிட்டுது அத்தான்" என்றான். "வைக்கிறன்."