எலிசியோ மழைக்குப் பயந்த கதை

மெசில்லா பள்ளத்தாக்கில் மழையைக் கண்டு மிரளும் விவசாயி ஒரே ஒருவர்தான். பெயர் எலிசியோ பர்ரேரா. வருஷத்துக்கு ஒரு சாண் மழை பெய்தாலே பெரிது என்கிற ஊர் அது. மலைக்கு மேல் மேகம் கறுத்தால் ஊரே வாசலுக்கு வந்து அண்ணாந்து பார்க்கும். எலிசியோ மட்டும் வீட்டுக்குள் போய்விடுவார்.

முன்பெல்லாம் அப்படி இல்லை. பதினோரு ஏக்கரில், அக்ரூட் மாதிரி கொட்டை காய்க்கும் பீக்கன் மரம் முந்நூறு. வாய்க்கால் முறை வந்தால் பாய்ச்சுவார், இலையில் அசுவினிப் பூச்சி கண்டால் மருந்தடிப்பார், டிசம்பரில் மரத்தை உலுக்கிக் கொட்டை பொறுக்குவார். இந்த நிம்மதியெல்லாம் அவருடைய அக்கா ஒஃபேலியா கிறிஸ்துமஸுக்கு வந்த வருஷத்தோடு போயிற்று.

அவள் கிழக்கு டெக்சஸில் வாழ்க்கைப்பட்டவள். வரும்போது ஒரு சாக்குப்பை நிறைய நாட்டு பீக்கன் கொண்டுவந்தாள்.

"உங்க ஊர்க் கொட்டை பார்க்கத்தான் பெருசு. இதைத் தின்னு பாரு, அப்புறம் பேசு" என்றாள்.

கிழக்கே கொட்டைக்குள் மூக்கு வண்டின் புழு இருக்கும். இந்தப் பள்ளத்தாக்கில் அது கிடையாது. அதனால் அங்கிருந்து ஒரு கொட்டை வந்தாலும் ஒரு வாரம் உறையவைத்துவிட்டுத்தான் கொண்டுவர வேண்டும் என்று சட்டமே உண்டு.

"ஃப்ரீசர்ல வச்சியாக்கா?"

"வச்சேன், வச்சேன். வந்தவளை உக்காருன்னு சொல்லாம போலீஸ்காரன் மாதிரி கேக்கறியே!"

முற்றத்து மரத்தடி பெஞ்சில் பையை வைத்து, அவளும் எலிசியோவின் மனைவி ஹெர்லிந்தாவும் ஊர்க்கதை பேசிக்கொண்டே உடைத்தார்கள். அக்கா ஊருக்குப் போன மறுநாள் எலிசியோ பையைத் தூக்கினார். அடியில் கொழுகொழுவென்று வெள்ளைப் புழுக்கள், ஆறு. கொத்தமல்லி விதை அளவு ஓட்டை விழுந்த கொட்டைகள், ஏழு. உடனே அக்காவுக்குப் போன் போட்டார்.

போனில் அக்கா சொன்னாள்: "வான்கோழி வைக்க இடமில்லடா. மறுநாளே வெளிய எடுத்துட்டேன். ஒரு நாள் குளிர் பத்தாதா?"

பையைக் கொளுத்தினார். மரத்தடியை விரலால் கீறிக் கீறிப் பார்த்தார்; ஏழாவது புழு அகப்படவில்லை. விவசாய ஆபீஸுக்கு ஒரு போன் போட்டிருக்க வேண்டும். போட்டால் 'பூச்சி கொண்டாந்த பர்ரேரா' என்று ஊர் காறித் துப்பும். மானத்துக்குப் பயந்த மனுஷன் வாயை மூடிக்கொண்டார். அது தப்பு, பெரிய தப்பு.

"ஒரு புழுதானே குறையுது. அது தனியா என்ன குடும்பமா நடத்தப் போகுது?" என்றார் மனைவியிடம்.

ஹெர்லிந்தா எங்கிருந்தோ ஒரு துண்டறிக்கையைக் கொண்டுவந்து நீட்டினாள். "படிச்சுப் பாருங்க. ஒரு ஓட்டை வழியா நாலு புழுகூட வெளிய வருமாம்."

மண்ணுக்குள் இறங்கிய புழு இரண்டு வருஷம்கூட அசையாமல் கிடக்கும். பிறகு ஓர் ஆகஸ்டில், மண் இளகியதும், வண்டாக வெளியே வந்து மரம் ஏறும். முற்றத்தில் வாய்க்கால் தண்ணீர் ஏறாது. தரை சுட்ட செங்கல் மாதிரி இறுகிக் கிடந்தது. அதை இளக்க மழையால்தான் முடியும்.

முதல் ஆகஸ்டில் ஜன்னல் வலையை வெட்டி அடிமரத்தைச் சுற்றிக் கூம்பாகக் கட்டி, உச்சியில் ஒரு கோப்பையை மாட்டினார். மேலே ஏறுகிற வண்டு அதற்குள் விழும். வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துத் தோப்புக்காரர் பெனிக்னோ, எலிசியோ மகனுக்கு ஞானத்தகப்பன், அதைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

"என்ன மச்சான், மரம் வயசுக்கு வந்துடுச்சா? பாவாடை கட்டி விட்டிருக்கே!"

"எறும்புக்குடா" என்றார் எலிசியோ. சொன்ன வாய் கசந்தது. அந்த வருஷம் மழையும் இல்லை, வண்டும் இல்லை.

இரண்டாம் ஆகஸ்டில் மூன்று நாள் கொட்டித் தீர்த்தது. பெனிக்னோ சட்டையைக் கழற்றிவிட்டு வாய்க்கால் கரையில் நின்று ஆடினார். "வெளிய வாடா மச்சான்! சும்மா கிடைக்கிற தண்ணி!" எலிசியோ ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு முற்றத்து மண் கறுப்பதையே பார்த்தார். 

மழை விட்ட மூன்றாம் நாள் காலை கோப்பையில் இரண்டு வண்டுகள் இருந்தன. ஒன்றுக்கு உடம்பளவு நீண்ட மூக்கு, பெண். இன்னொன்றுக்குக் கட்டை மூக்கு. குடும்பம் நடத்த ஜோடியாகவே வந்திருந்தன.

நசுக்கிவிடலாம். கட்டைவிரலை நீட்டியும்விட்டார். ஆனால் கோப்பையில் விழாமல் பறந்தவை எத்தனை? காற்று வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் அடித்துக்கொண்டிருந்தது.

வண்டுகளைப் பாட்டிலில் போட்டுக்கொண்டு நேரே பெனிக்னோ வீட்டுக்குப் போனார். பெனிக்னோ பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"எப்போலேர்ந்து?"

"அக்கா வந்த கிறிஸ்துமஸ்லேர்ந்து."

"அன்னைக்கே சொல்லியிருந்தா ஒரு மரத்தடியோட போயிருக்குமேடா. எறும்புன்னு சொன்னே. நானும் பல்லைக் காட்டிட்டு நின்னேன்."

எலிசியோவுக்கு அழுகை வந்தது. அடக்கவில்லை. பெனிக்னோ உள்ளே போய் விவசாய ஆபீஸுக்குப் போன் போட்டார். திரும்பி வரும்போது கையில் ஒரு சுருள் ஜன்னல் வலையும் கத்தரியும் இருந்தன.

"எப்படி வெட்டினே? காட்டு."

மத்தியானம்வரை இருவரும் வலை வெட்டினார்கள். சாயங்காலம் மலைக்கு மேல் மறுபடி மேகம் கறுத்து, பெரிய பெரிய துளியாக விழ ஆரம்பித்தது. பெனிக்னோ அண்ணாந்து பார்த்தார். சட்டையைக் கழற்றவில்லை.