லோர்னா வீட்டுப் புல்வெட்டிகள்

ஸ்பார்க் பிளக்கின் ஒயரைப் பிடுங்கிவிட்டுத்தான் லோர்னா ஸ்டட்ஸ்மன் எந்தப் புல்வெட்டியையும் தொடுவாள். பிறகு காற்று வடிகட்டி மேலே இருக்கும்படி அதைச் சாய்த்து, அடிவயிற்றில் காய்ந்து ஒட்டியிருக்கும் போன வருஷத்துப் புல்லைச் சுரண்டுவாள். பெட்ரோல் தொட்டியின் மூடியைத் திறந்து ஒருமுறை முகர்வாள். முகம் சுளித்தால் சொந்தக்காரர் தொலைந்தார்.

"பனிக்கு முன்னாடி பெட்ரோலை வடிச்சு வைங்க, உள்ளேயே கெட்டுப்போகும்னு எத்தனை தடவை சொல்றது? மெஷினுக்கு ஒரு நோயும் இல்ல. சோம்பேறித்தனம் உங்களுக்கு, வைத்தியம் இதுக்கா?"

வாங்கிக் கட்டிக்கொண்டவர் தலையைச் சொறிந்தபடி நிற்பார். அடுத்த வருஷமும் வருவார். அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் அந்தச் சின்ன ஊரில் வேறு போக்கிடமும் இல்லை, இருந்தாலும் போகமாட்டார்கள். ஐம்பத்தெட்டு வயதான லோர்னா பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். காலைச் சவாரிக்கும் மாலைச் சவாரிக்கும் நடுவே இருக்கும் பொழுதெல்லாம் மார்ச் மாதத்தில் புல்வெட்டிகளுக்குத்தான். கேரேஜ் வாசலில் பனி உருகத் தூவிய உப்பின் கறை போயிருக்காது. உள்ளே பத்துப் பன்னிரண்டு வண்டிகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றிலும் காகித நாடா ஒட்டி, பெயரோடு குற்றத்தையும் எழுதி வைத்திருப்பாள். 'தப்புப் பக்கம் சாய்த்தது.' 'கல்லில் மோதியது.' 'எண்ணெயே பார்க்காதது.' தெருவில் போகிறவர்கள் எட்டிப் பார்த்துப் படித்துவிட்டுத்தான் போவார்கள். கூலி என்று எதுவும் கேட்பதில்லை. மான் வேட்டைக்குப் போகிற வீட்டிலிருந்து சாசேஜ் வரும், மற்ற வீடுகளிலிருந்து சிக்கன் நூடுல்ஸ் வரும்.

கத்தியை அரம் போட்டுத் தீட்டி, நடு ஓட்டையில் ஆணி கோத்துச் சுவரில் தொங்கவிடுவாள். ஒரு பக்கம் தாழ்ந்தால் மறுபடி அரம். இரண்டு பக்கமும் சமமாக நிற்கும்வரை அங்கே யாரும் வாயைத் திறக்கக் கூடாது. இந்தப் பிடிவாதத்தால்தான் அவள் சொல்லுக்கு ஊரில் அவ்வளவு மதிப்பு. 'இது தேறாது' என்று அவள் சொல்லிவிட்டால் மறுபேச்சில்லாமல் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவார்கள்.

அந்த ஒரு சொல்லுக்காகத்தான் மார்லா வந்தாள். லோர்னாவோடு படித்தவள். தன் அப்பா ஆர்விலின் புல்வெட்டியைக் கொண்டுவந்து இறக்கியிருந்தாள்.

"இது தேறாதுன்னு அப்பாகிட்ட சொல்லிடு லோர்னா. நீ சொன்னா கேப்பாரு."

"ஏன், இதுக்கு என்ன கேடு?"

"இதுக்கு ஒண்ணும் இல்ல. அவருக்குத்தான். பக்கவாதம் வந்ததுலேர்ந்து இடது கை சுத்தமா பிடிப்பில்ல. கார் சாவியை ஜனவரியில வாங்கி வச்சுட்டேன். இதையும் நான் பிடுங்கினா என் முகத்துலயே முழிக்கமாட்டாரு. நீ பாரு, என்ன பண்ணி வச்சிருக்காருன்னு."

கைப்பிடியோடு சேர்த்து அழுத்திப் பிடிக்கும் கம்பி ஒன்று உண்டு. கையை விட்டால் எஞ்சின் நின்றுவிடும். அந்தக் கம்பியைப் பூட்ஸ் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தார் ஆர்வில். போன இலையுதிர்காலத்தில் அவர் தடுக்கி விழுந்தபோது வண்டி தன்பாட்டுக்குப் போய்ப் பக்கத்து வீட்டு ரோஜாச் செடிகளை அரைத்துவிட்டுத்தான் நின்றதாம். லோர்னாவுக்குக் கோபம் தலைக்கேறியது. கயிற்றை அறுத்து எறிந்துவிட்டு, அப்போதே ஆர்விலைப் போனில் கூப்பிட்டாள்.

"உங்களுக்கு எழுபத்தொன்பது வயசா, ஒன்பது வயசா? கால் போயிருந்தா?"

"கத்தாத. இடது கையால கம்பியைப் பிடிச்சாதான் வலது கையால கயித்தை இழுத்துக் கிளப்ப முடியும். இடது விரல்தான் மடங்கமாட்டேங்குதே, நான் என்ன பண்றது?" பிறகு குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார்: "அந்த மெஷினையும் எடுத்துட்டா, ஜன்னல்தான் லோர்னா எனக்கு. ஜன்னல்ல உக்காந்து அடுத்தவன் என் புல்லை வெட்டறதைப் பாக்கணும்."

லோர்னா போனை வைத்தாள். மார்லாவிடம் திரும்பினாள்.

"பொய் எனக்கு வராது. ஆனா நீ பயப்படறதும் நியாயம். சனிக்கிழமை அவரைக் கூட்டிட்டு வா. ஒரே இழுப்பு. கிளம்பலேன்னா நானே வண்டியை வச்சுக்கறேன், இது உங்களுக்கு இனி ஆகாதுன்னு அவர்கிட்ட நானே சொல்றேன். ரெண்டாவது இழுப்பு கிடையாது."

ஒரே இழுப்பில் கிளம்பும் புல்வெட்டியை அந்த ஊர் கண்டதில்லை. நான்கைந்து முறை இழுத்து, இரண்டு கெட்ட வார்த்தை சொன்னால்தான் எதுவும் கிளம்பும். லோர்னா நான்கு நாள் வேறெதையும் தொடவில்லை. கார்புரேட்டரைப் பிரித்து ஊசியால் குத்திச் சுத்தம் செய்தாள், பிளக்கை மாற்றினாள், இறுகிக் கிடந்த கேபிளுக்குச் சொட்டுச் சொட்டாக எண்ணெய் விட்டாள். கடைசியில், விரல் மடங்காதவர் முழங்கையால் அழுத்தினாலும் போதும் என்று அந்தக் கம்பியில் அகலமான பலகை ஒன்றைப் பூட்டினாள். அழுத்தத்தை எடுத்தால் எஞ்சின் நிற்கிறதா என்று அவளே நாற்பது தடவை பார்த்தாள்.

சனிக்கிழமை லோர்னா வீட்டுப் புல்தரையில் ஆர்வில் இடது முழங்கையைப் பலகையில் ஊன்றினார். மார்லா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். ஒரு இழுப்பு. எஞ்சின் உறுமிப் பிடித்துக்கொண்டது.

"கையை எடுங்கப்பா!" என்று கத்தினாள் மார்லா. எடுத்தார். மூன்று எண்ணுவதற்குள் கத்தி நின்றது.

"இன்னொரு தடவை எடுக்கணுமா, மகாராணி?" என்றார் ஆர்வில். மீண்டும் கிளப்பி, வலது கையைக் கம்பிக்கு மாற்றிக்கொண்டு நடந்தார். கோடு கோணலாகப் போனது. நடுவில் ஒருமுறை அவர் கால் இடறியது.

மார்லா பதறி ஓரடி எடுத்து வைத்தாள். லோர்னா ஆர்வில் மேலிருந்து கண்ணை எடுக்காமலே, எண்ணெய்க் கையால் மார்லாவின் கோட்டைப் பின்னாலிருந்து கொத்தாகப் பிடித்தாள். அவர் வேலிவரை போய், வண்டியைத் திருப்பி, இவர்களைப் பார்த்து நடந்து வரும்வரை அந்தப் பிடியை விடவில்லை.